தெனமும் நாப்பது கிராம்

ஷட்டர எதுக்குங்க தம்பி அத்தன ஒசரத்துக்கு ஏத்தறீங்க? பாதி போதும். சித்த எறக்குங்க. காத்து பூந்தா வாசம் போயிரும். வாசம் போச்சுன்னா அப்பறம் நான் யாருக்கு எதக் காட்டறது?

தலை கிறுகிறுங்குதா? மொதல்ல அப்படித்தான் இருக்கும். பத்து நிமிசத்துல பழகிரும். எனக்கெல்லாம் இப்ப ஒண்ணும் தெரியறதே இல்லீங்க. என்ன சொல்றீங்க? மிசினு போட்டா பொறி பறக்கும், ஷட்டர முழுசாத் தொறக்காம கேமராவுக்குச் செவுத்துல ஓட்டை போட மாட்டீங்களா? சரி, தொறந்துக்குங்க. உங்க தொழிலு உங்களுக்குத் தெரியும். ஆனா வேலை முடிஞ்சதும் நாந்தான் பூட்டுவேன். சாவி ஒண்ணே ஒண்ணுதான். அரணாக்கவுத்துல கட்டியிருக்கறேன் பாருங்க. குளிக்கறப்பக்கூட கழட்டறதில்ல.

பேரு என்னன்னு சொன்னீங்க? சம்பத்துங்களா. ஊரு அந்தியூரு. சரி. திருப்பூர்ல ஒறவுக்காரங்க யாராச்சும் இருக்காங்களா? பனியன் கம்பெனில? இல்லைல்ல? சும்மா கேட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரியாம என்ற ஊட்டுக்குள்ள ஏணி போட உட முடியுங்களா?

நான் சக்கரை மில்லுல எடைமேடைல முப்பத்தோரு வருசம் இருந்தவனுங்க. நாச்சிமுத்துன்னு சொன்னீங்கன்னா இந்தக் கோபிச் சுத்துவட்டாரத்துல கரும்பு போட்டவங்க அத்தன பேருக்கும் தெரியும். பிரியமாச் சொல்வாங்களான்னு கேக்காதீங்க. லாரி மேடைல ஏறி நின்னா போதும், முள்ளு ஆடற ஆட்டத்துலயே சொல்லீருவேன். இவன் கரும்புல தண்ணி அடிச்சிருக்கான், இவன் டூல்ஸ் பெட்டில கல்லு போட்டிருக்கான்னு. ஒருக்கா அறுவத்தி ரெண்டு கிலோ கணக்குக்கு மேல ஒதைச்சுது. கட்டப் பிரிங்கடான்னேன். உள்ள கிளீனர் படுத்துக் கெடக்கறான். அன்னைக்கு மேனேஜரே வந்து கை குடுத்தாரு. அப்ப எனக்கு ஒண்ணு வெளங்கிப் போச்சுங்க. மனுசன் பொய் சொல்லுவான், எடை சொல்லாது.

அதனாலதான் சொல்றேன். இந்த ஷெட்டுல பெட்ரோல் திருடு போகுது. தெனமும் நாப்பது கிராம். ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு, ஒரு நாளைக்கு நாப்பத்திமூணு. அந்தச் செவுத்துல பாருங்க, சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்கறேன். ஏழு மாசமா.

சிரிக்கறீங்களா? நாப்பது கிராமுக்கு எவன் வருவான்னுதான? எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. அவன் பெட்ரோலுக்கு வரலீங்க. அதச் சொல்றேன், நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, கேட்டுக்கிட்டே.

எனக்கு ஒரே பொண்ணு. தாரணி. ரெண்டு வருசத்துக்கு முன்னால திருப்பூர்ல கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ள பேரு லோகநாதன். பனியன் கம்பெனில மேனேஜரு. பாத்தா ரொம்ப அடக்கமா இருப்பாரு. வந்தா மாமா மாமாம்பாரு, சாப்பிட்ட தட்ட அவரே கழுவுவாரு. அங்கயே எனக்கு ஒரு சந்தேகம். எந்த மாப்பிள்ளைங்க மாமனார் ஊட்டுல தட்டுக் கழுவறான்? ஊட்டுக்காரி உருகிப் போயிட்டா. நான் உருகல. லாரிக்காரன் எனக்கு டீ வாங்கிக் குடுத்தா அன்னைக்கு ரெண்டு தடவ எடை போடுவேன், நான் அப்படிப்பட்ட ஆளு.

வைகாசில கட்டுச்சோத்து விருந்து வெச்சோம். அஞ்சு வகைச் சோறு கட்டிக்கிட்டுப் போயி, ஒறம்பரையெல்லாம் கூட்டி, பொண்ண ஏழாம் மாசத்துல கூட்டியாந்தோம். தலைப்பிரசவம் நம்மூட்டுலதான நடக்கோணும்? மாடிப்படி ஏறக்கூடாதுன்னுட்டாங்க டாக்டரம்மா. கீழ பாத்ரூமோட இருக்கறது இந்த ரூமு ஒண்ணுதான். அந்தா, அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். கட்டலு, தொட்டிலு, புது ஃபேனு எல்லாம் நானே வாங்கிப் போட்டேன். கதவுச் சத்தம் கேட்டா முழிச்சுக்குவான்னு கீலுக்கெல்லாம் எண்ணெ உட்டேன். வரப்போற கொழந்தைக்குங்க. அப்பவே.

மொத வாரமே, ஞாயித்துக்கெழம, "அப்பா, பெட்ரோல் வாசம் வருது, கொமட்டுது"ன்னா. வந்து பாத்தேன். என்ற ஸ்கூட்டருக்கு அடில சொட்டுச் சொட்டா ஈரம். மயில்சாமின்னு ஒரு மெக்கானிக்கு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கறான். ஓடியாந்து பாத்தான். டேங்குல இருந்து வர்ற ரப்பர் டியூப்பு வெடிச்சிருக்குதுன்னான். புதுசு மாட்டுனான். இருவது நிமிசம். மரத்தூளப் போட்டு ஊறவெச்சுக் கூட்டி அள்ளுங்க, சோப்புத்தூள் போட்டுத் தேச்சுக் கழுவுங்க, ரெண்டு நாளைக்கு ஷட்டரத் தொறந்து வைங்க, போயிரும்னான். செஞ்சோம். போயிருச்சு. அத நான் மறைக்கலீங்க. மூணாம் நாளு வாசமே இல்ல. தாரணி ரெண்டு தோசை அதிகமாச் சாப்பிட்டா.

ஆனா நான் அந்தப் பழைய டியூப்ப எறியல. எடுத்து வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். வெடிச்சா சுத்தி வர வெடிக்கோணும். ஒரு பக்கம் மட்டும் நேராக் கோடு போட்ட மாதிரி இருக்குது. யாரோ புடிச்சு இழுத்திருக்கறான். யாரு? வெள்ளிக்கெழம மாப்பிள்ள பைக்குல வந்தாரு, இதே ஷெட்டுல ஸ்கூட்டருக்குப் பக்கத்துல நிறுத்துனாரு. ஞாயித்துக்கெழம கெளம்பிப் போனாரு. ஞாயித்துக்கெழம வாசம். நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வந்தவரு, திரும்பிப் போறப்ப நம்ம மொக்குல இருக்கற பங்க்குல பெட்ரோல் போட்டாரா? போடல. நானே போயி அங்க விசாரிச்சேன். இதுக்கு மேல என்னங்க வேணும்?

ஒரு லிட்டர் எடுத்துட்டுப் போனா போறாரு, மாப்பிள்ளதான, கேட்டா நானே டேங்க ரொப்பிக் குடுத்திருப்பேன். கேக்காம எடுத்தாரு பாருங்க, அதான் எனக்குத் தாங்கல. இன்னைக்குப் பெட்ரோலு, நாளைக்கு என்ற பொண்ணுகிட்ட எதயெத மறைப்பான்? அந்த நெனப்பு வந்ததுக்கப்பறம் சோறு எறங்கல.

அதனால அளக்க ஆரம்பிச்சேன். மொதல்ல ஈர்க்குச்சிதான். மூடியத் தொறந்து குச்சிய உட்டு ஈரம் எங்க நிக்குதுன்னு பாக்கறது. அது சரிப்படல. வண்டி சித்த சாஞ்சு நின்னா குச்சி வேற கணக்குச் சொல்லுது. அப்பறம் நெனச்சேன், அட கூறுகெட்டவனே, முப்பத்தோரு வருசம் என்ன வேலை பாத்தே? எடை போடறத உட்டுட்டுக் குச்சி வெச்சு வெளையாடறயேன்னு. எலெக்ட்ரானிக் தராசு ஒண்ணு வாங்கினேன். நகைக்கடைல வெச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி, கொஞ்சம் பெருசு.

அந்தப் புனல எதுக்குன்னு பாக்கறீங்களா? சொல்றேன். காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு, டியூப்பக் கழட்டி, டேங்குல இருக்கற பெட்ரோலு முச்சூடும் அந்த வெள்ளக் கேனுல எறக்குவேன். கேனோட எடை தனி, பெட்ரோல் எடை தனி. காலி வண்டி, சரக்கு வண்டி மாதிரித்தான். சாயந்தரம் மறுபடி எடை போட்டுப் புனல் வெச்சு டேங்குல ஊத்தீருவேன். கேனுலயே வெச்சுப் பூட்டிக்கலாமேன்னு மயில்சாமி கேட்டான். அட, டேங்குல இருந்தாத்தான திருடறவன் வருவான்? எலிப்பொறில கருவாடு வெக்காம எலி வருமா? டேங்கு மூடியக்கூட நான் இறுக்கித் திருகறதில்ல. ஒரு சுத்து மட்டும். யாராச்சும் தொட்டிருந்தா காலைல இறுக்கமா இருக்கும், தெரிஞ்சு போயிரும்.

ஒரு சொட்டு வீணாக்க மாட்டேங்க. கை தவறிச் சிந்துனாலும் அந்த நிமிசமே துணியில ஒத்தி எடுத்துருவேன். அந்த மூலைல கெடக்குது பாருங்க, பழைய வேட்டித் துணி. அதுல ஒண்ணக்கூட எறியல. எல்லாம் ஆதாரம்.

என்ன சொன்னீங்க? ஆவியாப் போயிருக்குமா? மயில்சாமியும் அச்சு மாறாம அதையேதான் சொன்னான். அவன் உங்களுக்குச் சொந்தமா? இல்லைல்ல? சரி. தம்பி, ஆவியாப் போறதுக்கு அது என்ன அடுப்புலயா கொதிக்குது? நெழல்ல, பூட்டுன ஷெட்டுல, டேங்குக்குள்ள இருக்கறது எங்க போகும்?

நான் எடை போட ஆரம்பிச்ச மூணாம் நாளே வாசம் திரும்பி வந்துருச்சு. இதக் கவனிங்க. மூணாம் நாளே! அப்ப என்னய யாரோ கவனிச்சுக்கிட்டே இருந்திருக்கான். நான் உசாராயிட்டேன்னு தெரிஞ்சதும் அவசரத்துல எடுத்துச் சிந்தீருக்கான். மொதல்ல வந்தத விட ரெண்டு மடங்கு வாசம். தாரணி வாந்தி எடுத்து எடுத்துக் கண்ணு உள்ள போயிருச்சு. அவ ராத்திரியெல்லாம் பொரண்டு படுக்கறது எனக்கு அந்தப் பக்கத்து ரூமுல கேக்கும். எனக்கு வந்த கோவம், அவன் மட்டும் அப்ப கைல கெடச்சிருந்தான்னா.

இந்தச் செவுத்துல மேல வரிசையா ஓட்டைக் கல்லு வெச்சிருந்துச்சு, காத்து வர்றதுக்கு. அது வழியா டியூப்பு உட்டு உறிஞ்சறானோ என்னமோன்னு ஒரு நாளு முழுக்கச் சிமிட்டி கொழச்சு நானே அடைச்சேன். வயசு அறுவத்தி நாலு எனக்கு, ஏணி மேல நின்னு. யாருக்காக? அவளுக்காகத்தான். ஆனா அடைச்சதுக்கப்பறமும் வாசம் கொறையல, இன்னும் ஏறுச்சு. அப்ப ஆளு அந்த வழியா வரலேன்னு தெரிஞ்சு போச்சு. வேற வழி இருக்குது.

ஊட்டுக்காரி ருக்குமணி பாவம், அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணுனா. தட்டுத் தட்டா அடுப்புக்கரி வெச்சா. ஆப்பச் சோடாவத் தரை பூராத் தூவுனா. காப்பித்தூளக் கிண்ணத்துல போட்டு வெச்சா, எலுமிச்சம்பழத்த அரிஞ்சு வெச்சா. ஒரு நாளு உள்ள வந்தா ஓட்டல் கடை மாதிரி இருக்குது. எதுக்கும் அசையல. ஷட்டர ரெண்டு நாளைக்குத் தொறந்து போட்டுட்டு, இந்த ஸ்கூட்டரத் தெருவுல நிறுத்துங்கன்னா. தெருவுல நிறுத்துனா வர்றவன் போறவனெல்லாம் எடுப்பான், அப்பறம் எடைக்கு என்ன மரியாதை? முடியாதுன்னுட்டேன்.

தாரணி ஒரு நாளு வயித்தப் புடிச்சுக்கிட்டு அந்த வாசப்படில வந்து நின்னா. "அப்பா, நீங்க தெனமும் ஊத்தி எறக்கி ஊத்தி எறக்கி, அதனாலதான் வாசமே வருது. எடையும் அதனாலதான் கொறையுது. உட்டுருங்கப்பா"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இது அவ வார்த்தை இல்லீங்க. அவளுக்குக் கணக்கே வராது. பத்தாவதுல அம்பத்தி ரெண்டு மார்க்கு. இதெல்லாம் ஃபோனுல யாரோ சொல்லிக் குடுத்து ஒப்பிக்கறா. யாருன்னு நான் கேக்கல. கேட்டா அழுவா.

அப்பறம் அந்த வெள்ளிக்கெழம. அதச் சொல்லாம உட முடியாது.

வெளக்கு வெக்கற நேரம். பக்கத்து ஊட்டுல யாரோ சொன்னாங்களாமா, சாம்பிராணி போட்டா எந்த வாசமும் ஓடீரும்னு. ருக்குமணி தூபக்கால்ல கங்கு அள்ளிப் போட்டு, சாம்பிராணியத் தூவிக்கிட்டு, ரூமெல்லாம் காட்டீட்டு, இந்தக் கதவத் தொறக்கறா. மாப்பிள்ள அப்பத்தான் திருப்பூர்ல இருந்து வந்து செருப்பக் கழட்டறாரு. பாத்தாரு. ஒரே பாய்ச்சலுங்க. அவ கைல இருந்து தூபக்காலப் புடுங்கி, புடி புடிக்கற எடத்துலகூடப் புடிக்கல, கங்கோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டுப் பின்னால ஓடி, துணி தொவைக்கற தொட்டித் தண்ணில போட்டாரு. வெள்ளிக்கெழம, வெளக்கு வெச்ச நேரத்துல, என்ற ஊட்டு மகாலச்சுமியத் தண்ணில அணைக்கறான்! நான் கத்துன கத்துல தெருவே கூடிப் போச்சு.

"மாமா, பெட்ரோல் வாசம் இப்படி அடிக்குது, உள்ள நெருப்பக் கொண்டு போறாங்களே"ன்னான். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். உள்ள பெட்ரோல் எங்கெங்க சிந்திக் கெடக்குதுன்னு உனக்கு எப்படீடா தெரியும்? கையத் தொட்டித் தண்ணிக்குள்ள உட்டுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். நெஞ்சுல குத்தம் இல்லாதவன் பதில் சொல்லுவானா மாட்டானா? நீங்களே சொல்லுங்க. உள்ளங்கை தோலு உரிஞ்சு வெள்ளையாப் போயிருச்சு, வேணும்னே யாராச்சும் கையச் சுட்டுக்குவாங்களான்னு ருக்குமணி அழுவறா. பொம்பளைங்க அந்த எடத்துலதான் ஏமாந்து போறது. நான் வெந்த கையப் பாக்கல, அந்த அவசரத்தப் பாத்தேன்.

மருமகன அவன் இவன்னு சொல்லக்கூடாதுங்க. வாய் தவறி வந்துருது.

ஒரு மணி நேரத்துல கார் வந்துச்சு. தாரணி பைய எடுத்துக்கிட்டா. எட்டு மாசங் கழிஞ்சு ஒம்பதாம் மாசம். கட்டுச்சோறு கட்டிக் கூட்டியாந்த பொண்ணு, பெத்தெடுக்கறதுக்கு முன்னால திரும்பிப் போறது எந்த ஊருல நடக்குதுங்க? ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா? வாசக்கேட்டுகிட்ட நின்னு, "அப்பா, அவரு என்னயக் கூப்பிடல. நாந்தான் போலாம்னு சொன்னேன்"னா. அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கறான். எவ்வளவு பழக்கி வெச்சிருக்கான் பாருங்க. நான் கேட்டச் சாத்தீட்டு உள்ள வந்து எடை போட்டேன். அன்னைக்கு நாப்பத்தி ஒண்ணு.

அந்த ஒயரு அங்க தொங்குதே, சரிதானுங்களா? சரி, சரி. நீங்க பாத்துக்குவீங்க.

பொட்டப்புள்ள பொறந்துச்சு. திருப்பூர் ஆஸ்பத்திரில. மூணாம் நாளு போனேன். வெள்ளித் தண்டை வாங்கிக்கிட்டு, புது வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். சம்மந்தி ஊட்டு ஆளுங்க பத்துப் பேரு நிக்கறாங்க. துணில சுத்தி வெச்சிருந்தாங்க பாப்பாவ. கைய நீட்டுனேன். "அப்பா, கைய சோப்புப் போட்டுக் கழுவீட்டு வந்து தூக்குங்கப்பா"ன்னா. அத்தன பேருக்கு முன்னால! கைய மோந்து பாத்தேன், ஒண்ணுமே இல்ல. பச்சத் தண்ணி மாதிரி இருக்குது கை. சம்மந்தியம்மா சேலைத் தலைப்ப மூக்குல வெச்சுக்குது. தண்டையக் கட்டலு மேல வெச்சுட்டு வந்துட்டேன். பொறந்தப்ப மூணு கிலோ நூறுன்னு எழுதியிருந்தாங்க. நான் ஒருக்காத் தூக்கிப் பாத்திருந்தேன்னா சரியாச் சொல்லியிருப்பேன். அஞ்சு மாசம் ஆச்சு. இன்னும் தூக்கல.

ருக்குமணி பிரசவத்துக்குப் போனவ அங்கயே இருந்துட்டா. வாசம் போனாத்தான் வருவாளாமா. சமையல் நாந்தான். ரசம் வெக்கக் கத்துக்கிட்டேன். சாப்பிடறப்பத்தான் கஷ்டமா இருக்கும். ஒரு தட்டு போடறப்ப இருக்கற கஷ்டம் இருக்குதே, அதயெல்லாம் உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன், நீங்க சின்ன வயசுக்காரரு.

இதுலதான் விசயமே இருக்குது. அவங்க எல்லாரும் போயாச்சு. ஊட்டுல நான் ஒரே ஆளு. சாவி என்ற இடுப்புல. ஆனா வாசம் போகல. எடையும் நிக்கல. நேத்து நாப்பது, முந்தாநேத்து முப்பத்தொம்பது. இதுக்கு என்ன அர்த்தம்? ஆளு இன்னும் வந்துக்கிட்டு இருக்கறான். மாப்பிள்ள நேரா வரமாட்டாரு, அங்க ஆபீசுல இருக்கறாருன்னு விசாரிச்சுட்டேன். அப்ப ஆள் வெச்சிருக்கறாரு. தெனமும் ஒருத்தன் வந்து, பூட்டத் தொறந்து, நாப்பது கிராம் எடுத்துட்டு, மறுபடி பூட்டிட்டுப் போறான். எதுக்கு? இந்த வாசம் போகக்கூடாது. வாசம் இருக்கற வரைக்கும் தாரணி இங்க வரமாட்டா. பொண்ண அப்பன்கிட்ட இருந்து பிரிக்கோணும். அதான் அவனுக்கு வேணும். பெட்ரோலு இல்லீங்க தம்பி, பொண்ணு.

அதான் கேமரா. ஆளப் புடிச்சுட்டேன்னா எல்லாம் முடிஞ்சுது. அவளே பாத்துட்டான்னா வந்துருவா.

முடிஞ்சுதுங்களா? ஃபோனுல தெரியுமா? அட, நான் நிக்கறது தெரியுது! தலை நடுவுல இத்தன வழுக்கையா எனக்கு? ரெண்டு ஃபோனுல பாக்கற மாதிரி வெக்கலாமா? அப்ப இன்னொரு நம்பரு போடுங்க. என்ற பொண்ணு நம்பரு. பாக்காமச் சொல்லுவேன், போடுங்க. அவளும் பாக்கட்டும். நாளைக்கு நான் சொன்னா நம்ப மாட்டா, அவ கண்ணால பாக்கட்டும் யாரு வர்றான்னு. நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க. உங்க நம்பருன்னா எடுப்பா. என்ற நம்பருன்னா ருக்குமணிதான் எடுப்பா, சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அவ்வளவுதான் பேச்சு.

எடுத்துட்டாளா? என்னங்கறா? போடறாளா? அவ ஃபோனுல வந்துருச்சா?

இப்ப என்னய அவ பாக்கறாளா? இங்க நிக்கறது தெரியுமா? எங்க பாக்கோணும், அந்தக் கண்ணாடியவா? அட, அதுல இருந்து பேச்சு வேற வருமா? சொல்லவே இல்லையே நீங்க. தாரணி! கண்ணு! அப்பா தெரியறனா?

கேட்டீங்களா தம்பி, எளச்சுப் போயிட்டீங்கங்கறா. இல்லம்மா, நல்லாத்தான் இருக்கறேன். ரசமெல்லாம் வெக்கறேன். அது என்ன சத்தம்? பாப்பாவா? பாப்பாவாம்மா சிரிக்குது? என்ன கண்ணு சொல்றே, சத்தமாச் சொல்லு.

ம்.

ம். கேக்குது. சொல்லு.

சரி. சரி கண்ணு. வெச்சுக்க, வெச்சுக்கறயா? சரி, வெக்காத, அப்படியே இரு. நான் இந்தத் தம்பிகிட்டப் பேசிக்கறேன்.

நீங்க கேட்டீங்கல்ல? என்ன சொன்னா? "அப்பா, உங்களுக்குப் பின்னால அந்தக் கேனு, புனலு, துணியெல்லாம் எனக்குத் தெரியுது. அதயெல்லாம் எடுத்து வெளிய போட்டுருங்க. டேங்கு மூடிய இறுக்கி மூடுங்க. அடைச்ச ஓட்டையத் தொறந்து உடுங்க. ஞாயித்துக்கெழம பாப்பாவத் தூக்கிட்டு வர்றேன், உங்க மடில போடறேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவரு கைல இருக்கற தழும்பப் பத்தி நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்." அப்படித்தான சொன்னா? ஒரு வார்த்தை உடாமச் சொன்னனா?

மடில போடறேன்னு சொன்னா. கேட்டீங்கல்ல?

இந்த ஸ்டூல இப்படித் தள்ளுங்க, சித்த உக்காந்துக்கறேன். ஒண்ணுமில்ல. கண்ணு எரியுது, அவ்வளவுதான். ஷட்டரத் தொறந்தீங்கல்ல, தூசி.

தம்பி, ஒண்ணு கவனிச்சீங்களா? கேனு, புனலு, துணி, மூடி. மூடி இறுக்கமா இல்லேன்னு கேமராவுல எப்படித் தெரியும்? யாரு சொன்னா அவளுக்கு? நான் ஒரு சுத்துத்தான் சுத்தறேன்னு எனக்கும் இப்ப உங்களுக்கும்தான் தெரியும். வந்து தொட்டுப் பாத்தவனுக்குத் தெரியும். அவன் சொல்லியிருக்கறான். இப்பவும் அவ பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருக்கறான், எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆதாரம் எல்லாத்தையும் என்ற கையாலயே எறிய வெக்கப் பாக்கறான். கொழந்தையக் காட்டி.

இன்னைக்கு வியாழன். வெள்ளி, சனி, ரெண்டு நாளு இருக்குதுல்ல? ரெண்டு நாளு போதுங்க. அதுக்குள்ள ஆளப் புடிச்சுருவேன். புடிச்சுட்டு அப்பறம் எறிஞ்சாப் போச்சு. ஞாயித்துக்கெழம அவ வரட்டும், சோப்புப் போட்டுக் கழுவீட்டு நிக்கறேன். புது சோப்பு வாங்கி வெக்கறேன்.

ஏணிய எடுக்காதீங்க. இன்னொருக்கா ஏறுங்க. கேமராவ அந்தப் பக்கம் திருப்பி உடுங்க, கதவப் பாத்து. ஸ்கூட்டர எதுக்குங்க பாக்கோணும்? அங்க நான் மட்டுந்தான போறேன்.

ஆமா, கதவு மட்டும் தெரிஞ்சாப் போதும். நான் தெரிய வேண்டாம்.

ஆனா அந்தப் பேச்சு வர்றத மட்டும் நிறுத்தீராதீங்க தம்பி. அது அப்படியே இருக்கட்டும். பாப்பா இன்னும் சிரிக்குது பாருங்க.